நூற்று நான்கு என்றது கடிகாரம்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது கிரேன்காரர் தன் வேலை ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். இன்று காலையும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறார். ஐந்து மாதமாக மனிதருக்கு வேறு வேலை இல்லை. அதுதான் இந்த வீட்டின் பிரச்சினையே.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டியவர் அவர். ஒரு நாள் ஏணியிலிருந்து இறங்கி வந்து, தரையில் கால் வைத்து, அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு ரத்தக் குழாய்களில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அப்புறம் இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சி மையத்தில் வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரப் பயிற்சி. அங்கே பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் வேறு யாருமில்லை, அவருடைய சொந்த மருமகள்.

நடக்கும்போது நாடித்துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டக்கூடாது. இது மையத்தின் மாடியில் இருக்கும் டாக்டரம்மா போட்ட கோடு. இருபத்துமூன்று நாளும் அவர் தாண்டவில்லை. அவருடைய ஃபைலில் எண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. நூற்று இரண்டு, நூற்று நான்கு, நூற்று மூன்று, நூற்று நான்கு. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுத்தான் டாக்டரம்மா போன வாரம் இதயத்தை நிதானப்படுத்தும் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

இன்று இருபத்துநான்காம் நாள், கடைசி நாள். சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டரம்மா ‘வேலைக்குப் போகலாம்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். இந்த மாதக் கடைசியோடு அவருடைய இருக்கையில் வேறொருவரை உட்கார வைத்துவிடுவார்கள்.

“போதும் தேச்சது. அதுல மூஞ்சி பார்த்தா தலை சீவப் போறீங்க?” என்றாள் அவர் மனைவி, அதாவது மருமகளின் மாமியார்.

“மேல ஏறுறவன் ஷூ சுத்தமா இருக்கணும். வழுக்கிச்சுன்னா நீயா வந்து புடிப்ப?”

“நான் எதுக்குப் புடிக்கறேன்? அஞ்சு மாசமா புடிச்சதே போதும், சாமி.”

மாமியாருக்கு வாய் அப்படி. ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று ராத்திரி தரையில் படுத்துக் கிடந்தவளும் இவள்தான். அதை யாரும் சொல்லிக்காட்டக்கூடாது, சொன்னால் கோபம் வரும்.

அவர் இடது கையை நீட்டினார். மகன் வாங்கிக் கொடுத்த கறுப்புக் கடிகாரம். நேரமும் காட்டும், நாடியும் காட்டும்.

“பாரு, எழுபத்திரண்டு.”

“ஆமா, உங்க மூத்த பிள்ளை சொல்லிட்டான்ல. அவன் பேச்சுக்கு மறுபேச்சு உண்டா?” அந்தக் கடிகாரத்துக்கு மாமியார் வைத்த பெயர் மூத்த பிள்ளை. பெற்ற பிள்ளை ஒரே ஒருவன்தான். அவனுக்கும் இதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

வாசலில் மருமகள் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களிடம் பத்து வாரமாக அதை மறைத்து வைத்திருந்தேன், இன்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

* * *

மையத்தில் நோயாளிகள் நாடியை அளக்க நெஞ்சுப் பட்டை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கைவிரல் அகலம் இருக்கும். ஈரம் தொட்டு, சட்டைக்குள்ளே, மார்புக்கு நேர் கீழே வெற்று உடம்பில் இறுக்கிக் கட்ட வேண்டும். இதயத்தில் ஓடும் மின்சாரத்தையே அது பிடித்துப் போனுக்கு அனுப்பிவிடும். எவ்வளவு குதித்தாலும் ஏமாறாது.

முதல் நாள் அந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு மருமகள் அவர் எதிரில் போய் நின்றாள். அவர் சட்டையின் முதல் பொத்தானை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

“என்னம்மா இது? நீ போயி எனக்கு…”

“நான் இங்க தெரபிஸ்ட் மாமா.”

“வீட்டுல மருமகதானே?”

அவர் காது சிவந்துவிட்டது. அவளுக்கும்தான். ஆண்களுக்குப் பட்டை கட்டிவிடும் உதவியாளர் கால் முறிந்து இரண்டு மாத விடுப்பில் இருந்தார். தானே கட்டிக்கொள்ளலாம் என்றால் முதுகுப் பக்கம் அவர் கை எட்டவில்லை. சரி, பக்கத்து ட்ரெட்மில்லில் நடக்கும் தபால்காரரைக் கட்டிவிடச் சொல்லலாம் என்றால், அவர் ஓய்வுபெற்ற பிறகும் ஊர்ச் செய்தியை வீடு வீடாகக் கொடுக்கிற ஆள்.

“என் மகன் குடுத்த கடிகாரம் இருக்கேம்மா. அதுலயும் இதே நாடிதானே வருது?” என்றார் மாமனார்.

அவள் முட்டாள் இல்லை. நாற்காலியில் அவரை உட்கார வைத்து, கடிகாரத்தைப் பார்த்தாள். எழுபத்திரண்டு. விரலை வைத்து எண்ணினாள். எழுபத்திரண்டு. அட, பரவாயில்லையே என்று இருந்தது. அன்றிலிருந்து கடிகாரம் சொன்னதையே எழுதினாள்.

எழுதியது எங்கே? அந்தத் தாளில் நாளுக்கு ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. தலைப்பு ‘நெஞ்சுப் பட்டை அளவு’. அதில்தான் எழுதினாள். முதல் நாள் எழுதுவதற்கு முன் இரண்டு தடவை சுற்றும் முற்றும் பார்த்தாள். பத்தாம் நாள் பார்க்கவில்லை. நான் அவளைத் திட்டப் போகிறேன் என்று நினைக்கிறீர்களா? ஒரு மனிதர் வெட்கப்பட்டார், இன்னொருத்தி அந்த வெட்கத்துக்கு மரியாதை கொடுத்தாள். ஆனாலும் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் சோதித்துவிட்டு நடக்கும்போது நம்பினாளே, அதற்கு மட்டும் நாலு வார்த்தை கேட்கத்தான் வேண்டும்.

* * *

மணி ஒன்பதரை. கிரேன்காரர் ட்ரெட்மில்லில் கையை வீசி வீசி நடந்துகொண்டிருந்தார். கடிகாரம் தளர்வாக, வளையல் மாதிரி மணிக்கட்டில் மேலும் கீழும் ஆடியது. நூற்று நான்கு.

“கிரேன்காரரே, அணிவகுப்புக்குப் போறீங்களா? நெஞ்சை நிமித்திட்டு நடக்கறீங்க” என்றார் தபால்காரர்.

“நாளைக்கு ஏறணும்ல? தொண்ணூத்திரண்டு படி.”

“இன்ஸ்பெக்டரம்மா விடணுமே!” மருமகளுக்கு நோயாளிகள் வைத்த பெயர் அது.

இன்ஸ்பெக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றாள். கடைசி நாள் என்பதால் வேகத்தை ஒரு புள்ளி கூட்டினாள். கூட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு.

அவளுக்கு என்னவோ இடித்தது. வேகத்தைக் கூட்டிப் பத்து விநாடிகூட ஆகவில்லை. இதயம் அப்படி ஏறாது. அதுவும் மாத்திரை சாப்பிடுகிறவருடைய இதயம் சோம்பேறி, அது யோசித்து யோசித்துத்தான் ஏறும். வேகத்தைப் பழையபடி குறைத்தாள். உடனே நூற்று நான்கு. மறுபடி கூட்டினாள். நூற்றுப் பன்னிரண்டு.

அவள் பார்வை மெல்லக் கீழே இறங்கி அவருடைய காலில் நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஷூ விழும் சத்தத்தை எண்ணினாள். அரை நிமிஷத்துக்கு ஐம்பத்தாறு.

ஐம்பத்தாறும் ஐம்பத்தாறும் நூற்றுப் பன்னிரண்டு.

கடிகாரம் அவருடைய நாடியை எண்ணவே இல்லை. வீசுகிற கையின் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு, எட்டு வாரமாக அவர் எத்தனை அடி வைக்கிறார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இருபத்துமூன்று கட்டத்திலும் அவள் எழுதி வைத்தது மாமனாரின் காலடிக் கணக்கு.

இயந்திரத்தை நிறுத்தினாள். அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து விரலை வைத்தாள். கால் நிமிஷம் எண்ணினாள். முப்பத்தெட்டு. நாலால் பெருக்கினால் நூற்று ஐம்பத்திரண்டு. அதுவும் ஒழுங்காக இல்லை. மூன்று வேகமாக ஓடும், ஒன்று தடுக்கும், அப்புறம் நாலு முட்டி மோதிக்கொண்டு வரும்.

“மாமா, நெஞ்சு எப்படி இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“மாமா.”

அவர் உதடு வெளுத்திருந்தது. தபால்காரர் காதைத் தீட்டுவதைப் பார்த்துவிட்டு, அவள் அவரை மூலையில் இருந்த பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“லேசா அழுத்துது. பத்து நாளா அப்படித்தான். நடந்தா வரும், உக்காந்தா போயிடும்.”

“பத்து நாளாவா! ஏன் மாமா சொல்லல?”

“கடிகாரம் சரியா இருக்குன்னு சொல்லிச்சேம்மா. நூத்தி நாலுதானே? எனக்கு வயசாச்சு, எனக்கு என்ன தெரியும்? அது மெஷினு. நானும் மெஷின் ஓட்டுறவன்தான், மீட்டர் சரியா இருந்தா வண்டி சரின்னுதான் அர்த்தம்.”

நெஞ்சு வலிக்கிறது என்று அவருடைய சொந்த நெஞ்சு சொல்லியிருக்கிறது. அவர் அதை நம்பவில்லை, மணிக்கட்டைத்தான் நம்பியிருக்கிறார்.

“நான் டாக்டரம்மாகிட்ட சொல்லணும் மாமா. இந்தக் கணக்கு மொத்தமும் தப்பு.”

அவர் அவள் கையைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

“சாயந்தரம் கையெழுத்து. அது முடியட்டும்மா. அப்புறம் நான் நிதானமா பார்த்துக்கறேன். இந்த மாசம் போச்சுன்னா என் இடம் போச்சு. அம்பத்தெட்டு வயசுக்காரனுக்கு யாரு கிரேன் கூண்டு குடுப்பா? வீட்டுல உக்காந்து ஷூ தேச்சுட்டு இருக்க முடியலம்மா. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்.”

“ஐயோ, என்ன பேச்சு இது!”

பத்து நிமிஷம் உட்கார வைத்தாள். நாடி எண்பதுக்கு இறங்கியது. கடிகாரமும் எண்பது என்றது. உட்கார்ந்தால் மட்டும் அது யோக்கியன்.

அப்போதே, அந்த நிமிஷமே, மாடிக்குப் போய் டாக்டரம்மா கதவைத் தட்டியிருக்க வேண்டும். அவள் தட்டவில்லை. பயந்தாள். பொய்யான எண்ணை நெஞ்சுப் பட்டைக் கட்டத்தில் எழுதியவளுக்கு இந்த வேலை மட்டுமல்ல, எந்த வேலையும் கிடைக்காது. நாலு மணிக்குத்தானே, அதற்குள் புருஷனிடம் பேசிவிடலாம் என்று நினைத்தாள். இன்றைய கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, ஃபைலை மேஜைமேல் வைத்தாள். மாமனாரைப் பேருந்து நிறுத்தத்தில் விட்டுவிட்டு, பன்னிரண்டு மணி இடைவேளைக்குக் காத்திருக்காமல் புருஷன் கடைக்கு ஓடினாள்.

* * *

அவள் புருஷன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு யாருடைய போனையோ குடலைப் பிரித்துப் போட்டிருந்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“நான் வாங்கிக் குடுத்தது தப்புங்கறியா?”

“நான் உங்களைச் சொல்லலங்க.”

“பின்ன யாரைச் சொல்ற? அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் பொய்யா சொல்லுவான்?”

அவள் வாதாடவில்லை. கண்ணாடி அலமாரியில் அதே மாதிரிக் கடிகாரம் ஒன்று இருந்தது. எடுத்து அவன் கையில் தளர்வாகக் கட்டினாள். “கையை வீசி, நின்ன இடத்துலயே நடங்க” என்றாள்.

“கடையில ஆள் பார்த்தா சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நடங்க!”

நடந்தான். அவள் அவனுடைய கழுத்தில் விரலை வைத்து எண்ணினாள். இரண்டு நிமிஷம் கழித்துக் கடிகாரம் நூற்றுப் பதினாறு என்றது. அவள் விரலுக்குக் கிடைத்தது தொண்ணூறு.

“இப்ப உங்க காலை எண்ணிப் பாருங்க.”

எண்ணினான். நூற்றுப் பதினாறு. எண்ணி முடித்ததும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

“எல்லாருக்கும் எப்பவும் இப்படி ஆகாதுங்க. இறுக்கிக் கட்டினா, சும்மா உக்காந்திருந்தா, சரியாத்தான் சொல்லும். அப்பா வளையல் மாதிரி போட்டுட்டு, கையை வீசி ஒரே சீரா நடக்கறாரு. அது ஏமாந்துடுது. நான்தான் சோதிச்சிருக்கணும். நடக்கும்போது ஒரே ஒரு தடவை விரலை வெச்சுப் பார்த்திருக்கணும். பார்க்கல.”

அவன் கடை வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான்.

“உன் வேலை போயிடும்டி.”

“தெரியும்.”

“அப்பாவே வேணாங்கறாரு. கையெழுத்து ஆகட்டும், நாளைக்கே வேற டாக்டர்கிட்ட…”

“நாளைக்கே ஏறுறேங்கறாரு! தொண்ணூத்திரண்டு படி. மாத்திரையும் பாதி. நாடி இப்பவே நூத்தி அம்பதுங்க. என் வேலையா உங்கப்பாவா, நீங்களே சொல்லுங்க.”

அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் போன் அடித்தது. மாமியார். குரல் கடை முழுக்கக் கேட்டது.

“டேய், உங்கப்பா வீட்டுக்கு வந்தாரு, தேச்சு வெச்ச ஷூவை மாட்டினாரு, கிளம்பிட்டாரு. கையெழுத்து ஆயிடுச்சாம். நாளைக்கு என்ன, இன்னைக்கே போய் ஒருதரம் ஏறிக் காட்டிட்டா இடத்தைப் பத்திரம் பண்ணிடுவாங்களாம். சாப்பிடக்கூட இல்லடா. நான் கத்தறேன், மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கல.”

“கையெழுத்து நாலு மணிக்குத்தானே அத்தை?” என்று மருமகள் போனைப் பிடுங்கினாள்.

“டாக்டரம்மாவுக்கு மத்தியானம் ஏதோ ஆபரேஷனாம். காலையிலயே எல்லாரையும் பார்த்துட்டாங்களாம். ஏம்மா, உன் குரல் ஏன் இப்படி இருக்கு?”

அவளுக்கு இப்போது புரிந்தது. அவர் பேருந்து ஏறவே இல்லை. ஏறுவதுபோல் நின்றுவிட்டு, நேராக மாடிக்குப் போயிருக்கிறார்.

* * *

புருஷனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, காற்றுக்கு மேலே கத்திக்கொண்டே போனில் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. பட்டை கட்டாதது, வெட்கப்பட்டது, கடிகாரம், கட்டம், பத்து நாளாக அழுத்துகிற நெஞ்சு, காலையில் தனக்கே தெரிந்தும் வாயைத் திறக்காதது.

“இன்னைக்குத் தேதிக் கட்டம் காலியா இருந்துச்சு. என்னன்னு கேட்டேன்” என்றார் டாக்டரம்மா. “அவர் கையை நீட்டி, மெமரியில இருக்கற நூத்தி நாலைக் காட்டினாரு. முன்னாடி இருபத்துமூணு நாளும் பட்டையில அதே எண்தானேன்னு நானும் எழுதிட்டேன். உன் எழுத்தை நம்பித்தான் எழுதினேன்.”

“தப்பு என்மேலதான் மேடம்.”

“யார் மேலன்னு நாளைக்குப் பேசலாம். காலையில ஃபைலை எடுத்துட்டு என் ரூமுக்கு வா. இப்ப அவரை ஏற விடாதே. ஏறிட்டா, அசைய விடாதே. பையில பட்டை இருக்கா?”

“இருக்கு.”

“கட்டு. கட்டிட்டு எனக்குச் சொல்லு. கடிகாரத்தைப் பார்க்காதே.”

* * *

துறைமுக வாசலில் காவலாளி வழி மறித்தான். அவளுடைய நீலக் கோட்டைப் பார்த்துவிட்டு அவனே, “கிரேன்காரருக்கா? உள்ள போங்க, சீக்கிரம்” என்றான். அந்த ‘சீக்கிரம்’ அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

மூன்றாம் எண் கிரேனின் காலடியில் ஏழெட்டுப் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏணி நேராக மேலே போகிறது. இருபத்துமூன்று படிக்கு ஒரு தட்டு, அதில் ஒரு ஆள் உட்காரலாம். இரண்டாவது தட்டில் இரண்டு பளபளப்பான ஷூக்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

“நல்லாத்தான் ஏறினாரு” என்றார் மேற்பார்வையாளர். அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. “கடிதாசியைக் காட்டினாரு, டாக்டர் கையெழுத்து இருந்துச்சு. முதல் தட்டுல நின்னாரு. என்னண்ணே மூச்சு வாங்குதுன்னு கீழேருந்து கேட்டேன். கடிகாரத்தைக் காட்டி, நூத்தி நாலுதான், ஒண்ணுமில்லன்னாரு. ரெண்டாவது தட்டுல உக்காந்தவர் எந்திரிக்கல. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. இறக்கறதுக்குக் கயிறு கொண்டுவரப் போயிருக்காங்க.”

“அப்பா!” என்று புருஷன் கத்தினான். ஷூக்கள் லேசாக அசைந்தன.

அவன் ஏணியில் கை வைத்தான், முதல் படியிலேயே நின்றான். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டவே அவளைக் கூப்பிடுகிறவன் அவன்.

“தள்ளுங்க. நீங்க போயி என்ன பண்ணுவீங்க?” என்றாள் அவள். பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறினாள்.

அவளும் ஏணி ஏறிப் பழகியவள் இல்லை. கீழே பார்க்காமல் எண்ணிக்கொண்டே ஏறினாள். எண்ணுவதுதானே அவள் தொழில். இருபத்துமூன்றில் மூச்சு முட்டியது. முப்பதில் உள்ளங்கை வியர்த்துக் கம்பி வழுக்கியது. இதே படியில்தான் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டு, மணிக்கட்டைப் பார்த்துச் சமாதானம் ஆகி ஏறியிருக்கிறார் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நாற்பத்தாறு.

அவர் தடுப்புக் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை, இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணும் காட்டலம்மா” என்றார். குரல் சன்னமாக வந்தது. “எண்ணே வரல.”

கடிகாரத்தில் இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் இருந்தன. சில்லிட்டுப்போன கையில் அதற்கு நாடி கிடைக்கவில்லை. கால் நின்றுவிட்டதால் எண்ணுவதற்கு வேறு எதுவும் இல்லை.

“அதை விடுங்க மாமா.”

அவள் கடிகாரத்தைக் கழற்றித் தன் கோட்டுப் பைக்குள் போட்டாள். பட்டையை எடுத்தாள். ஈரம் தொடத் தண்ணீர் இல்லை. எச்சிலைத் தொட்டுத் தடவினாள். அவருடைய சட்டையின் முதல் பொத்தானில் கை வைத்தாள்.

அவருடைய கை தன்னிச்சையாக மேலே வந்தது. பாதி வழியில் நின்றது. அப்புறம் மெல்ல இறங்கி மடியில் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

அவள் ஒவ்வொரு பொத்தானாக அவிழ்த்தாள். நரைத்த முடி, வியர்வை, விலா எலும்பு. இருபத்துநான்கு நாளும் இரண்டு பேருமாகச் சேர்ந்து மூடி வைத்திருந்த நெஞ்சு. பட்டையைச் சுற்றி முதுகுப் பக்கம் கொண்டுபோய், இறுக்கி மாட்டினாள். போனைத் திறந்தாள்.

நூற்று எழுபத்தொன்று. நூற்று நாற்பத்தாறு. நூற்று அறுபத்தெட்டு. எண் ஒரு இடத்தில் நிற்காமல் துள்ளியது.

டாக்டரம்மாவிடம் படித்துச் சொன்னாள். “படுக்க வைக்க இடம் இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றாள். “அப்ப சாய்ஞ்சே இருக்கட்டும். அவர் ஒரு அடிகூட எடுத்து வைக்கக்கூடாது. கயிறு வர்ற வரைக்கும் பேச்சுக் குடுத்துட்டே இரு. எண் சட்டுன்னு இறங்கினா உடனே கத்து.”

கீழே எங்கேயோ சைரன் கேட்டது. கயிறு இன்னும் வரவில்லை. புருஷன் அண்ணாந்து, “என்னாச்சு? அப்பாவுக்கு என்னாச்சு?” என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

கிரேன்காரர் கண்ணைத் திறந்தார். அவள் தோளைப் பற்றிக்கொண்டார்.

“எவ்வளவும்மா காட்டுது?”

அவர் கேட்ட குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. நூற்று நான்கு என்று சொல்லிவிடு என்கிற கெஞ்சல். அவளுக்கு அது நன்றாகவே புரிந்தது.

“நூத்தி அறுபத்தெட்டு மாமா” என்றாள்.

எட்டு வாரத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் சரியான எண் அது. அவர் தலையை ஆட்டினார், பிடியை விடாமல் கீழே பார்த்தார். தரைக்கு நாற்பத்தாறு படி இருந்தது.